தொழிற்சாலை முற்றமும் தொழிலாளியின் இருக்கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு தினத்தையொட்டி ஆலைகளில் கொடியேற்றி, உறுதிமொழி எடுத்து, வாசகப் போட்டியும் ஓவியப் போட்டியும் நடத்திப் பரிசு வழங்குகிறார்கள். அந்த வாரம் முழுவதும் தலைக்கவசம், கையுறை, தீயணைப்புக் கருவி ஆகியவற்றைப் பற்றியே பேச்சு நடக்கும். ஆலை வளாகத்துக்குள் ஓடும் வாகனங்களும், தொழிலாளி எட்டு மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்யும் இடத்தின் உயரமும் அமைப்பும் அந்தப் பேச்சில் இடம்பெறுவது அரிது. வாகனம் ஸ்டோர்ஸ் பிரிவின் பொறுப்பு, நாற்காலியும் மேசையும் கொள்முதல் பிரிவின் பொறுப்பு என்று பிரித்துவிட்டதால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் பெரும்பாலான ஆலைகளில் இல்லை. நான் கண்ட வரையில் இவை இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு முனைகள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். கண் மட்டத்துக்கு மேல் சரக்கை அடுக்கினால் முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது; ஆகவே அத்தகைய சுமையோடு பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. விதி சரியானதே. ஆனால் பின்னோக்கி ஓட்டுவதென்றால் இடது கையால் ஸ்டியரிங் குமிழைப் பிடித்துக்கொண்டு, இடுப்பையும் கழுத்தையும் முறுக்கி, ஷிஃப்டின் பெரும்பகுதி நேரம் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தபடியே இருக்க வேண்டும். வண்டியின் சக்கரங்கள் பெரும்பாலும் காற்றடிக்காத கெட்டி ரப்பராலானவை. காரில் இருப்பதுபோன்ற ஸ்பிரிங் அமைப்பும் அதில் கிடையாது. கான்கிரீட் தளத்தின் இணைப்பு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தாலும், அதில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி இருக்கை வழியாக அடிமுதுகைப் போய்ச் சேர்கிறது. ஓட்டுநரின் எடைக்கு ஏற்ப இறுக்கவும் தளர்த்தவும் பல வண்டிகளில் இருக்கைக்கு அருகே ஒரு திருகு உண்டு. 50 கிலோ எடையுள்ளவர் காலை ஷிஃப்டிலும் 80 கிலோ எடையுள்ளவர் மாலை ஷிஃப்டிலும் அதே வண்டியை ஓட்டுகிறார்கள். அந்தத் திருகு எதற்காக இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மேற்பார்வையாளரைக் காண்பது கடினம். இருக்கை கிழிந்துவிட்டால் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இப்படியே சில ஆண்டுகள் ஓடினால் கழுத்து முழுதாகத் திரும்ப மறுக்கிறது. அதை ஓட்டுநர் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் வண்டியிலிருந்து இறக்கி மூட்டை தூக்க அனுப்பிவிடுவார்களோ, ஒப்பந்தக்காரர் நாளைக்கு வேறு ஆளை அனுப்பிவிடுவாரோ என்ற பயம் அவருக்கு. ஆகவே கழுத்து திரும்புகிற அளவுக்குத் திருப்பி, மீதியைக் கண்ணின் ஓரத்துக்கும் ஹாரனுக்கும் விட்டுவிட்டுப் பின்னால் வருகிறார். ரேக்கின் முனையிலிருந்து ஒருவர் கால் எடுத்து வைக்கும் நொடியில் நடந்துவிடும் விபத்தை, ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை எழுதி முடித்துவிடுகிறது. அவரிடம் கவனம் இருந்தது. பார்க்கத்தான் உடல் இடம் தரவில்லை. சரக்கை இரண்டு அடுக்கோடு நிறுத்தியிருந்தால் அவர் முன்னோக்கியே ஓட்டியிருக்கலாம், கழுத்தும் கெட்டிருக்காது. நடை எண்ணிக்கை கூடும், நேரம் கூடும் என்று கணக்குப் பார்த்து மூன்றாவது அடுக்கை ஏற்றச் சொன்ன முடிவு எந்த விபத்து அறிக்கையிலும் பதிவாவதில்லை.

இந்த வண்டியின் இயல்பையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று, வெறுமையாக நிற்கும்போதே மூன்றரை முதல் நான்கு டன் வரை எடையுள்ளது. அதாவது ஒரு காரைப்போல் இரண்டு மூன்று மடங்கு. முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடுகொடுக்கப் பின்புறத்தில் கனத்த இரும்பைப் பொருத்தியிருப்பார்கள். திருப்பம் பின்சக்கரங்களில் இருப்பதால், வண்டி வளையும்போது அதன் பின்புறம் எதிர்ப்பக்கமாக வீசிக்கொண்டு வெளியே வரும். முன்பகுதி தன்னைக் கடந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று சுவரோரமாக ஒதுங்கி நிற்பவரை அந்தப் பின்புறம்தான் சுவரோடு நசுக்குகிறது. சுமையை உயரத் தூக்கிய நிலையில் திரும்பினால் வண்டி பக்கவாட்டில் கவிழும். கவிழும்போது வெளியே குதிக்கத் தோன்றுவது மனித இயல்பு. குதித்தவர் மீதே தலைக்கு மேலுள்ள இரும்புக் கூடு விழுகிறது. இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, கவிழும் திசைக்கு எதிராகச் சாய்ந்து உள்ளேயே இருப்பதுதான் உயிரைக் காக்கும் என்பதைப் பயிற்சி இல்லாமல் ஒருவர் அறிந்திருக்க வழியில்லை.

இவ்வளவு ஆபத்தான வண்டி, ஆலை வளாகத்துக்குள் மட்டும் பயன்படும் சிறப்பு வகை வாகனம் என்பதால், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(28)இன்படி ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவும் தகுதிச் சான்றும் இதற்குக் கிடையாது. சாலையில் மொபெட் ஓட்டுவதற்குக்கூட உரிமம் கேட்கும் நாட்டில், நான்கு டன் இரும்பை ஆட்கள் நடமாடும் இடத்தில் ஓட்டுபவருடைய தகுதியை முடிவு செய்வது முழுக்க ஆலை நிர்வாகத்தின் கையில் விடப்பட்டிருக்கிறது. முறையான நிறுவனங்கள் பயிற்சி கொடுத்து, எழுத்து மூலம் அனுமதி அளித்து, ஆண்டுக்கொரு முறை கண்ணைப் பரிசோதித்து, சாவியைப் பொறுப்பானவரிடம் வைக்கின்றன. சிறு ஆலைகளிலும் கிடங்குகளிலும் சாவி வண்டியிலேயே தொங்கும்; பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட சுமைதூக்கும் தொழிலாளி, ஓட்டுநர் சாப்பிடப் போன நேரத்தில் அதை எடுத்து ஓட்டுவார்.

லாரிகளின் கதை வேறு விதமானது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், லாரியின் இடப்பக்கமும், பின்புறமும், முகப்புக்கு மிக அருகிலுள்ள சில அடி தூரமும் அவர் கண்ணுக்குத் தெரியாத இடங்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு லாரியிலும் கிளீனர் ஒருவர் இருப்பார். பின்னால் இறங்கி நின்று, பக்கவாட்டில் தட்டி, குரல் கொடுத்து வண்டியைப் பின்னுக்கு எடுக்க வைப்பார். கூலி கட்டுப்படியாகவில்லை, ஆளும் கிடைக்கவில்லை என்று பல லாரிகள் இன்று கிளீனர் இல்லாமலே வருகின்றன. அந்த இடத்தில் ஆலை தன் ஆளை நிறுத்த வேண்டும், நிறுத்துவதில்லை. கையில் வேலையோடு நிற்கும் ஏதோ ஒரு காவலாளியோ சுமைதூக்குபவரோ லாரிக்கு நேர் பின்னால், சுவருக்கும் வண்டிக்கும் இடையில் நின்று கையசைக்கிறார். வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும், அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும் என்ற இந்த ஒரு விதியை இருவருக்கும் நுழைவாயிலிலேயே சொல்லி அனுப்பினால் போதும், எத்தனையோ உயிர்கள் பிழைக்கும்.

சரக்கு இறக்க முறை வருவதற்காக லாரிகள் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்து நிற்கின்றன. வெளியூரிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்த ஓட்டுநருக்கு உட்கார ஓர் அறையோ, கழிப்பறையோ, நிழலோ கிடையாது. கோடையில் லாரிக்கு அடியில் கிடைக்கும் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். அடுத்த வண்டியை எடுப்பவர் குனிந்து பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மின்விசிறியும் பாயும் உள்ள ஒரு ஓய்வறை கட்டுவது ஓட்டுநருக்குச் செய்யும் சலுகை என்று நிர்வாகங்கள் நினைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தூங்காமல் வந்தவரைத் தங்கள் முற்றத்தில் பின்னோக்கி ஓட்டச் சொல்கிறார்கள். அவருடைய ஓய்வு அங்கு நடமாடும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு.

இன்னொரு ஆபத்து சரக்கு ஏற்றும் மேடையில் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் லாரியின் உள்ளே நிற்கும்போது, வேலை முடிந்துவிட்டதென்று எண்ணி லாரி ஓட்டுநர் வண்டியை நகர்த்திவிடுவதும், ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கும் அதிர்வில் லாரி சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து மேடைக்கும் அதற்கும் இடையே பள்ளம் விழுவதும் உலகெங்கும் அறியப்பட்ட விபத்துகள். சக்கரத்துக்குக் கட்டை போடுவதும், சரக்கு ஏற்றி முடியும் வரை லாரிச் சாவியை மேடைப் பொறுப்பாளர் வாங்கி வைத்துக்கொள்வதும் செலவே இல்லாத தடுப்பு முறைகள். அதேபோல், காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று ஷிஃப்ட் மாறும் வேளையில், இருசக்கர வாகனங்களும் நடந்து வருபவர்களும் லாரிகளும் ஒரே வாயிலில் முட்டிக்கொள்கின்றன. அந்த வேளைக்குக் கால் மணி நேரம் முன்னும் பின்னும் எந்த லாரியும் நகரக்கூடாது என்று உத்தரவிடவும், நடப்பவர்களுக்குத் தனி வாயில் திறக்கவும் நிர்வாகம் மனம் வைத்தால் போதும். தரையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டு நடைபாதை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பெயிண்ட் கோடு நான்கு டன் வண்டியை நிறுத்தாது; இடையில் இரும்புக் கம்பித் தடுப்பு வேண்டும்.

வளாகத்துக்குள் ஒருவர் இறந்தால் காவல் துறை வழக்குப் பதிவு செய்கிறது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1)இன் கீழ், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக ஓட்டுநர் பெயர் சேர்க்கப்படுகிறது. அவர் பெரும்பாலும் ஆலையின் பணியாளராக இருக்க மாட்டார். லாரி உரிமையாளருடைய ஆளாகவோ ஒப்பந்தக்காரருடைய ஆளாகவோ இருப்பார். முற்றத்தின் அமைப்பைத் தீர்மானித்தவர்கள், வெளிச்சம் போதாத மூலையில் மேடையைக் கட்டியவர்கள், ஒருவழிப் பாதைக்கு இடமிருந்தும் அந்த இடத்தில் பழைய இரும்பைக் குவித்து வைத்தவர்கள் விசாரணையில் வருவதே இல்லை.

இனி இருக்கைக்கு வருகிறேன். கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளம் இதை 2018இல் செய்திருந்தது. இரண்டும் பாராட்டப்பட வேண்டிய திருத்தங்கள். ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு இந்த உரிமை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 44ஆம் பிரிவில் எழுதப்பட்டிருந்தது என்பது எத்தனை தொழிலாளர்களுக்குத் தெரியும்? நின்று வேலை செய்ய வேண்டியவர்கள், வேலைக்கு இடையில் கிடைக்கும் வாய்ப்புகளில் அமர்ந்து ஓய்வெடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அது சொன்னது. உட்கார்ந்தே திறம்படச் செய்யக்கூடிய வேலை என்று தலைமை ஆய்வாளர் கருதினால், இருக்கை வசதி செய்யுமாறு எழுத்து மூலம் உத்தரவிடவும் அது அதிகாரம் தந்தது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புத்தகத்தில் இருந்த இந்தப் பிரிவை வைத்து எந்த ஆலையிலேனும் ஒரு நாற்காலி போடச் சொல்லி நடந்த ஆய்வை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

ஓசூரில் உதிரிபாகம் கோக்கும் வரிசைகளில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கிராமங்களிலிருந்து வரும் இளம்பெண்கள். அவர்கள் நிற்கும் கன்வேயரின் உயரத்தை முடிவு செய்தவர் இயந்திரம் விற்றவர். வேறு நாட்டு ஆண்களின் உயரத்தை மனத்தில் வைத்து வடிவமைத்தது அப்படியே இங்கே வந்து நிற்கிறது. கையை மடக்கி நிற்கும்போது முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குச் சற்றுக் கீழே வேலைப்பரப்பு இருப்பது சாதாரணக் கோப்பு வேலைக்கு ஏற்றது; நுணுக்கமான வேலைக்குச் சற்று மேலே, பலம் கொடுத்து அழுத்தும் வேலைக்கு இன்னும் கீழே. மேசை அதைவிட உயர்ந்தால் தோளைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும்; தாழ்ந்தால் முதுகு வளையும். குள்ளமானவர் ஏறி நிற்க ஒரு பலகை, உயரமானவருக்காக மேசைக் காலுக்கு அடியில் ஒரு கட்டை, நிற்பவர் காலுக்குக் கீழ் ரப்பர் விரிப்பு, கால் மாற்றி வைத்துக்கொள்ள ஒரு படி. இவற்றை ஆலையின் வெல்டிங் பிரிவும் தச்சரும் ஒரே நாளில் செய்து கொடுத்துவிடலாம். திருப்பூரில் முதுகுச் சாய்வு இல்லாத ஸ்டூலில் அமர்ந்து, ஊசி முனையைப் பார்க்கக் கழுத்தைக் குனிந்தபடி தைக்கும் டெய்லருக்கும், நின்றபடியே துணியைச் சோதிக்கும் செக்கிங் பெண்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். அலுவலகத்தில் மடிக்கணினியைக் குனிந்து பார்த்துக் கணக்கு எழுதுபவருக்கும்தான். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் வரும்படி நாலு பழைய பதிவேடுகளை அடியில் வைத்தாலே அவருக்கு நிவாரணம் கிடைக்கும்.

சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடலோடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், முறுக்காமல் தூக்கும் மிகச் சாதகமான நிலையிலேயே 23 கிலோவை அடிப்படை வரம்பாக அமெரிக்காவின் தேசியத் தொழில்பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரத்தில் வைத்தது. நம் லாரிகளிலிருந்து இறங்கும் சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதைத் தலையில் வாங்கி, ஈரப் பலகை மீது நடந்து இறக்குகிறார்கள்.

வலி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என்னை மிகவும் வாட்டும் விஷயம். இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில், உடல்நலக் குறைவு என்று பதிவானால் நோய்க்காலப் பயனாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்களுக்குக் கிடைக்கும். பணியால் ஏற்பட்ட காயம் என்று பதிவானால் தற்காலிக ஊனப் பயனாக 90 சதவீதம், குணமாகும் வரை கிடைக்கும். பத்து ஆண்டுகள் கன்வேயரில் நின்றதால் வந்த இடுப்பு வலியும், அதிரும் இருக்கையில் அமர்ந்ததால் தேய்ந்த தண்டுவட வட்டும் முதல் வகையிலேயே எழுதப்படுகின்றன. ‘வயசாச்சு’ என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகின்றன. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஆலை தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களாக 29ஐப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு, கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ், பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு எல்லாம் அதில் உண்டு. தசை, மூட்டு, முதுகெலும்பு சார்ந்த பாதிப்பு ஒன்றுகூட இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தன் பட்டியலில் இவற்றுக்கென்று தனிப் பிரிவையே வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாததை மருத்துவர் தெரிவிப்பதில்லை, தெரிவிக்காததை ஆய்வாளர் கேட்பதில்லை, கேட்காததற்கு நிர்வாகம் செலவழிப்பதில்லை.

தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்பதற்கு 1,000 தொழிலாளர்கள் என்ற வரம்பு இருந்தது. புதிய தொகுப்பு அதைப் பொதுவான ஆலைகளுக்கு 500ஆகக் குறைத்திருக்கிறது. இது நல்ல மாற்றம். கூடவே, மின்சாரம் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ எனப்படுவதற்கான எண்ணிக்கை 10இலிருந்து 20ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. சாவி வண்டியிலேயே தொங்கும் என்று நான் மேலே குறிப்பிட்ட சிறு பட்டறைகள் பலவும் இந்த எண்களுக்கு இடையில் நழுவிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு. தமிழகத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியும் குறித்த காலத்துக்கொரு முறை மறுதேர்வும் கட்டாயம் என்று மாநில அளவில் ஆணை பிறப்பிக்கலாம். ஓட்டுநர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் கண் பார்வையோடு, கழுத்து இரு புறமும் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் சேர்க்கலாம். கழுத்து திரும்பாத ஓட்டுநரை வேலையிலிருந்து நீக்காமல், வண்டிக்குக் கூடுதல் கண்ணாடியும் சுழலும் இருக்கையும் பொருத்தவும், சுமை உயரத்தைக் குறைக்கவும் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த வேண்டும். இல்லையென்றால் பரிசோதனையே ஆட்களை வெளியேற்றும் கருவியாகிவிடும், யாரும் வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பாதுகாப்புக் குழுவில் உள்ள தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் வைத்த வரம்பை மட்டும் பார்த்துக்கொண்டிராதீர்கள். மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும், யாருக்கு எந்த மூட்டில் வலி என்பதையும் ஒரே பதிவேட்டில், வேலையிடத்தின் பெயரோடு எழுதிவையுங்கள். எந்த மூலையில் வண்டிகள் உரசுகின்றனவோ அந்த மூலையில் ஓட்டுபவர்களுடைய கழுத்தும் வலிக்கிறது என்பது சில மாதங்களிலேயே அந்தப் பதிவேட்டில் தெரிந்துவிடும்.

தங்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு, ஆசிரியர் அவர்களே. ஆலை வளாகத்தில் லாரியோ ஃபோர்க்லிஃப்டோ மோதி ஒருவர் இறந்த செய்தி வரும்போது, ஓட்டுநர் கைது செய்யப்பட்டார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அங்கே நடப்பவர்களுக்குத் தடுப்புடன் கூடிய பாதை இருந்ததா, பின்னோக்கி வந்த வண்டிக்கு வழிகாட்ட ஆள் நியமிக்கப்பட்டிருந்தாரா, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகப் பணியில் இருந்தார் என்ற மூன்று கேள்விகளைத் தங்கள் செய்தியாளர்கள் ஆலை நிர்வாகத்திடம் கேட்டு, கிடைத்த பதிலையோ பதில் கிடைக்கவில்லை என்பதையோ அதே செய்தியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாதுகாப்பு அலுவலர்,
ஓசூர்.